வீட்டுக்கே ஒரு குட்டி சர்வர்: எந்தப் பெட்டி வாங்கலாம், எவ்வளவு கரண்ட் தின்னும்?

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேசை மேல் இருந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கின் கேபிளில் என் கால் மாட்டியது. டிஸ்க் கீழே விழுந்தது. இரண்டடி உயரம்தான். ஆனால் அதற்குப் பிறகு ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்ததே தவிர, கம்ப்யூட்டரில் அது தெரியவே இல்லை.

சென்னை ரிச்சி தெருவில், டேட்டா மீட்டுத் தரும் ஒரு சின்ன கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “இதுக்கு இன்னொரு காப்பி எங்க இருக்கு தம்பி?” என்றார்.

எங்கேயும் இல்லை. அவர் கேட்ட தொகைக்குப் புதிதாக நான்கு டிஸ்க் வாங்கியிருக்கலாம். கொடுத்தேன். பாதி ஃபைல்கள் திரும்பி வந்தன. அப்பா, அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ வரவில்லை. அப்பாவும் இப்போது இல்லை.

வீட்டில் ஒரு ஸ்டோரேஜ் சர்வர் வைக்க வேண்டும் என்று அந்த வாரம் முடிவெடுத்தேன். உடனே எல்லோரும் செய்கிற தவறையே நானும் செய்தேன். எந்த பிராசஸர், எத்தனை கோர், எவ்வளவு ராம் என்று ராத்திரி முழுக்கத் தேடினேன். கடைக்காரர் கேட்டது அதையா?

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: வீட்டு சர்வருக்கு வேகமான பெட்டி வேண்டாம். கரண்ட்டை மெல்லச் சாப்பிடும் சின்ன பெட்டி போதும். அதில் மிச்சமாகும் காசை இரண்டாவது காப்பிக்குப் போடுங்கள்.

எதுக்கு இந்த வேலை?

கூகுள் போட்டோஸில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாகப் படம் ஏற்றலாம் என்ற காலம் 2021 ஜூன் 1-உடன் முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இலவசம். அதற்கு மேல் மாதச் சந்தா. வீட்டில் நாலு பேர், நாலு போன், குழந்தையின் 4கே வீடியோக்கள் என்றால் இடம் சீக்கிரமே நிறைந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாகப் பலர் யோசிப்பதுதான் ‘நாஸ்’. நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம். பெயர்தான் பெரிசு. ரவுட்டரோடு இணைத்து, 24 மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதில் ஒன்றிரண்டு டிஸ்க், அவ்வளவுதான். வீட்டு வைஃபைக்குள் வந்ததும் எல்லா போன்களின் படங்களும் தானாக அதில் போய்ச் சேரும். டிவியில் பார்க்கலாம், லேப்டாப்பில் திறக்கலாம்.

அந்தப் பெட்டிக்கு உண்மையில் என்ன வேலை?

வீட்டு நெட்வொர்க்கில் பெரும்பாலும் இருப்பது 1 கிகாபிட் லேன். எட்டால் வகுத்தால் நொடிக்கு 125 எம்பி. நடைமுறையில் 110 எம்பி அளவில் கிடைக்கும். இன்றைய 3.5 இன்ச் ஹார்டு டிஸ்க் ஒன்றே பெரிய ஃபைல்களை நொடிக்கு 150 எம்பிக்கு மேல் படித்துவிடும். அதாவது, ஒரே ஒரு சாதாரண டிஸ்க்கே உங்கள் லேன் கேபிளைவிட வேகமானது. இதில் எட்டு கோர் பிராசஸர் வந்து என்ன செய்யப் போகிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்.

எனவே பெட்டியைப் பார்ப்பதற்கு முன் ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். விலை குறைந்த பல ரவுட்டர்களில் லேன் போர்ட் இன்னும் 100 மெகாபிட்தான். அதில் நொடிக்குச் சுமார் 12 எம்பிதான் போகும். 100 ஜிபி படங்களை மாற்ற இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிகாபிட் போர்ட்டில் அதே வேலை கால் மணி நேரம். சர்வரை வைஃபையில் விடாமல், ‘கேட் 5இ’ கேபிள் போட்டு ரவுட்டரோடு இணைத்தால் போதும்.

பிராசஸருக்கு உண்மையில் வேலை வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, ‘இம்மிச்’ போன்ற செயலிகள் படங்களில் முகங்களை அடையாளம் காணும்போது. முதல் தடவை இது நேரம் எடுக்கும். பிறகு தினமும் வரும் புதுப் படங்களுக்கு மட்டும்தான். இரண்டு, ‘ஜெல்லிஃபின்’ வழியாகப் படம் பார்க்கும்போது, டிவிக்குப் புரியாத வீடியோ ஃபார்மேட்டை உடனுக்குடன் மாற்றிக் கொடுக்கும்போது. இந்த இரண்டும் வேண்டாம் என்றால் எந்தச் சின்ன பெட்டியும் போதும்.

கரண்ட் கணக்கு

நாஸ் வருடத்தில் 8,760 மணி நேரமும் ஓடும். அதனால் வாங்கும் விலையைவிட, சும்மா இருக்கும்போது எத்தனை வாட் எடுக்கிறது என்பதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் என்பதால் 60 நாள் கணக்காகவே பார்ப்போம்.

10 வாட் எடுக்கும் பெட்டி: 14.4 யூனிட்.
25 வாட் எடுக்கும் பெட்டி: 36 யூனிட்.
60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப்: 86.4 யூனிட்.

நமக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதில் 86 யூனிட்டை மூலையில் கிடக்கும் பழைய சிபியு ஒன்றே தின்றுவிடும். கோடையில் ஏசி ஓடும் வீடாக இருந்தால் இன்னொரு சிக்கல். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, அதற்குக் கீழே இருக்கும் சில யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும். எல்லையில் நிற்கும் வீட்டை இந்த 86 யூனிட் அந்தப் பக்கம் தள்ளிவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிராசஸரின் விவரக் குறிப்பில் ‘டிடிபி 6 வாட்’ என்று இருந்தால், சுவரிலிருந்து 6 வாட்தான் எடுக்கும் என்று அர்த்தமில்லை. அது பிராசஸரின் வெப்ப வடிவமைப்புக்கான எண். ராம், டிஸ்க், லேன் சிப், அடாப்டரில் வீணாகும் மின்சாரம் எல்லாம் அதில் சேராது. பிளக்கில் செருகி வாட் காட்டும் மீட்டரோ, மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக்கோ ஒன்று வாங்கி அளந்துவிடுங்கள். என் பழைய டெஸ்க்டாப்பை அப்படி அளந்தபோது, ஒரு வேலையும் செய்யாமலே 58 வாட் காட்டியது. அன்றைக்கே அதை அணைத்துவிட்டேன்.

சரி, எதை வாங்குறது? நாலு வழி இருக்கு

முதல் வழி, வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப். செலவு இல்லை, கரண்ட்டும் டெஸ்க்டாப்பைவிட நன்றாகவே குறைவு. பேட்டரி இருப்பதால் கரண்ட் கட் ஆனாலும் லேப்டாப் அணையாது. ஆனால் எப்போதும் சார்ஜில் கிடக்கும் பழைய பேட்டரி உப்பிக்கொள்ளும் ஆபத்து உண்டு. 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். ஏற்கெனவே உப்பலாக இருந்தால் அந்த பேட்டரியை வைத்து ஓட்டவே வேண்டாம். ‘நமக்கு இது செட் ஆகுமா’ என்று ஒரு மாதம் பழகிப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டாவது, ராஸ்பெர்ரி பை. 2023-ல் வந்த ‘பை 5’ சும்மா இருக்கும்போது சில வாட்தான் எடுக்கும். கரண்ட்டில் இதுதான் ராஜா. ஆனால் சிக்கல் டிஸ்க்கை இணைக்கும்போது தொடங்குகிறது. ‘பை 4’-ன் யுஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் சேர்ந்து கொடுக்கும் மின்னோட்டம் 1.2 ஆம்பியர்தான். ‘பை 5’ 1.6 ஆம்பியர் கொடுக்கும். அதுவும் அதற்கான 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால்தான். இல்லையென்றால் 0.6 ஆம்பியர். ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த நொடியில் இது போதாமல் போகும். டிஸ்க் திடீரென மறையும், ஃபைல் பாழாகும். பலர் ‘பை சரியில்லை’ என்று சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த மின்சாரப் பற்றாக்குறைதான். தனி அடாப்டர் உள்ள டிஸ்க்கோ, தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப்போ வேண்டும். எஸ்டி கார்டில் ஓட்டாமல் எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்வது நல்லது. ‘பை 5’-ல் வீடியோவை என்கோட் செய்யத் தனி வன்பொருள் இல்லை என்பதால் சினிமா சர்வருக்கும் ஏற்றதல்ல. போர்டு, அடாப்டர், கூலர், கேஸ், எஸ்எஸ்டி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். ‘சீப்பா முடிஞ்சிடும்’ என்ற எண்ணம் போய்விடும்.

மூன்றாவது, மினி பிசி. இதில் இரண்டு வகை. புதிது என்றால் இன்டெல்லின் ‘என்100’ வகை. 2023-ல் வந்த நான்கு கோர் சிப். டிஸ்க் இல்லாமல் முழுப் பெட்டியும் ஓய்வில் 10 வாட்டுக்குள் இருப்பது சாதாரணம். வீடியோ மாற்றும் ‘குவிக் சிங்க்’ உள்ளேயே இருப்பதால் ஜெல்லிஃபினுக்கும் கவலை இல்லை. பழையது என்றால், ஐடி அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிடும் ‘ஒரு லிட்டர்’ பெட்டிகள். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி போன்றவை. ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். என் வீட்டில் ஓடுவது இந்த வகையில் ஒன்று. ஓய்வில் 9 முதல் 11 வாட்.

குறை என்ன? இடம். உள்ளே பெரும்பாலும் ஒரு எம்.2 எஸ்எஸ்டியும் ஒரு 2.5 இன்ச் டிரைவும்தான் போகும். 3.5 இன்ச் டிஸ்க் வேண்டுமென்றால், சொந்த அடாப்டர் உள்ள யுஎஸ்பி பெட்டியில் வெளியே வைக்க வேண்டும். பழையது வாங்கும்போது அடாப்டர் கூட வருகிறதா, பயாஸ் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று கடையிலேயே ஆன் செய்து பார்த்துவிடுங்கள்.

நான்காவது, ரெடிமேட் நாஸ். சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்களின் இரண்டு டிஸ்க் பெட்டிகள். டிஸ்க்கைச் செருகி, போனில் நாலு தடவை தட்டினால் வேலை முடிந்தது. 3.5 இன்ச் டிஸ்க்குகள் உள்ளேயே ஒழுங்காக உட்காரும். விலையில் பெரும்பாலும் டிஸ்க் சேராது, கவனம். மாடல் பழசாகி நிறுவனம் அப்டேட்டை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். ஆனால் வீட்டில் லினக்ஸ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், நீங்கள் வெளியூர் போனால் அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், இந்த வசதிக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

மற்ற மூன்றுக்கும் மென்பொருள் வேண்டும். டெபியன் லினக்ஸின் மேல் ஓடும் ‘ஓப்பன் மீடியா வால்ட்’ இலவசம், லேசானது, ராஸ்பெர்ரி பையிலும் ஓடும். ‘ட்ரூநாஸ்’ இன்னும் வலுவானது, ஆனால் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கும். யுஎஸ்பி டிஸ்க்குகளுக்கு அது சரிப்பட்டு வராது.

பெட்டியைவிட டிஸ்க் முக்கியம்

ஹார்டு டிஸ்க்கில் இரண்டு விதமாக எழுதுவார்கள். சிஎம்ஆர் என்பதில் தடங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். எஸ்எம்ஆர் என்பதில் ஓட்டு வீட்டுக் கூரையைப் போல ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் கழற்றி மாட்ட வேண்டும் அல்லவா? அதேபோல, மேலே மேலே எழுதும்போது எஸ்எம்ஆர் டிஸ்க் திணறும். 2020-ல், நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘ரெட்’ வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு சிஎம்ஆர் மாடல்கள் ‘ரெட் பிளஸ்’ என்று தனியாகப் பிரிக்கப்பட்டன. எந்த நிறுவனமாக இருந்தாலும், மாடல் எண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். தினமும் எழுதும் டிஸ்க்குக்கு சிஎம்ஆர். வாரம் ஒருமுறை காப்பி எடுத்து மூடி வைக்கும் டிஸ்க்குக்கு எஸ்எம்ஆர் இருந்தாலும் பரவாயில்லை.

கரண்ட் கணக்கில் டிஸ்க்கையும் சேருங்கள். 3.5 இன்ச் டிஸ்க் ஓடும்போது மாடலைப் பொறுத்துச் சுமார் 4 முதல் 8 வாட் எடுக்கும். இரண்டு போட்டால் பெட்டியைவிட டிஸ்க்குகளே அதிகம் சாப்பிடும். எஸ்எஸ்டி ஓய்வில் மிகக் குறைவாகவே எடுக்கும், சத்தமும் இல்லை, கீழே விழுந்தாலும் ஹார்டு டிஸ்க் அளவுக்குப் பயமில்லை. ஆனால் ஒரு டெராபைட்டுக்கு விலை அதிகம். உங்களிடம் இருக்கும் மொத்தப் படமும் 1 அல்லது 2 டெராபைட்டுக்குள் என்றால் எஸ்எஸ்டியே போதும். 8 டெராபைட் என்றால் ஹார்டு டிஸ்க்தான் நடைமுறை.

கரண்ட் கட்டும் சித்திரை வெயிலும்

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் மட்டுமல்ல, சில நேரம் டிஸ்க்கின் மொத்த அட்டவணையே குழம்பிவிடும். சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம். யுஎஸ்பி போர்ட் உள்ள மாடலாகப் பாருங்கள். பேட்டரி தீரப் போவதை சர்வருக்குச் சொல்லி, அதுவே ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்படி வைக்கலாம். 10 வாட் பெட்டி என்பதால் சின்ன யுபிஎஸ்ஸே நிறைய நேரம் தாங்கும். குறைந்த வாட்டின் இன்னொரு லாபம் இது.

அடுத்து சூடு. பரண், மூடிய அலமாரி, டிவிக்குப் பின்னாலிருக்கும் இடுக்கு ஆகிய மூன்றும் வேண்டாம். வெளியே 40 டிகிரி இருக்கும் மே மாதத்தில், காற்று போகாத இடத்தில் டிஸ்க்கின் சூடு 50-ஐத் தாண்டுவது சுலபம். மென்பொருளிலேயே டிஸ்க்கின் வெப்பநிலை தெரியும். 45-க்குள் வைத்துக்கொள்ளப் பாருங்கள்.

‘ஆபீஸ்லருந்து பார்க்கலாமா?’

பார்க்கலாம். ஆனால் ரவுட்டரில் போர்ட் திறந்து, சர்வரை நேரடியாக இன்டர்நெட்டில் விடாதீர்கள். 2021 ஜூனில் ‘மை புக் லைவ்’ என்ற பழைய வீட்டு ஸ்டோரேஜ் கருவிகளில் இருந்த எல்லாம் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அழிக்கப்பட்டன. அந்தக் கருவிக்குக் கடைசியாக அப்டேட் வந்தது 2015-ல். 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற ரேன்சம்வேர், இன்டர்நெட்டில் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டி, பிட்காயின் கேட்டது. வீட்டுப் படங்களுக்குத்தான் இந்த மிரட்டல்.

‘வயர்கார்டு’ அல்லது அதன் மேல் கட்டப்பட்ட ‘டெயில்ஸ்கேல்’ போன்ற விபிஎன் போட்டால், உங்கள் போனுக்கும் வீட்டுப் பெட்டிக்கும் நடுவே மட்டும் ஒரு தனி வழி கிடைக்கும். இதில் டெயில்ஸ்கேல், தனி ஐபி முகவரி தராத இணைய இணைப்புகளிலும் வேலை செய்யும்.

இரண்டு டிஸ்க் இருந்தா போதுமா?

போதாது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ‘ரெய்டு 1’ போட்டால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல் இருக்கும். ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று காப்பாற்றும். ஆனால் குழந்தை போனில் விளையாடி ஆல்பத்தை அழித்தால், இரண்டிலும் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். வெள்ளம் வந்தாலோ, பெட்டியே திருடு போனாலோ இரண்டும் சேர்ந்தே போகும். ரெய்டு என்பது சர்வர் நிற்காமல் ஓடுவதற்கு. காப்பி என்பது வேறு.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய ‘3-2-1’ விதி எளிமையானது. மூன்று காப்பி, இரண்டு வகைக் கருவிகளில், அதில் ஒன்று வேறு இடத்தில். நான் செய்வது இது: மினி பிசிக்குள் ஒரு எஸ்எஸ்டி. வாரம் ஒருமுறை அதிலிருந்து யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு காப்பி, எடுத்ததும் கழற்றி பீரோவுக்குள். அதே மாதிரி இன்னொரு டிஸ்க் மதுரையில் அக்கா வீட்டில். ஊருக்குப் போகும்போதெல்லாம் இரண்டையும் மாற்றிக்கொண்டு வருவேன். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய டிஸ்க் என்பதால் தொலைந்தாலும் யாரும் திறக்க முடியாது. அந்த பாஸ்வேர்டு அக்காவுக்கும் தெரியும்.

யாருக்கு எது?

படங்கள் 2 டெராபைட்டுக்குள், கொஞ்சம் லினக்ஸ் பழக ஆசை உண்டு என்றால்: பழைய ஒரு லிட்டர் பெட்டி அல்லது என்100 மினி பிசி, ஒரு எஸ்எஸ்டி, இரண்டு யுஎஸ்பி டிஸ்க்.

குடும்பம் பெரிது, வீடியோ அதிகம், நோண்ட நேரம் இல்லை என்றால்: இரண்டு டிஸ்க் போடும் ரெடிமேட் நாஸ், சிஎம்ஆர் டிஸ்க்குகள், வெளியே ஒரு யுஎஸ்பி டிஸ்க்.

காசே இப்போ இல்லை என்றால்: பழைய லேப்டாப், ஒரு யுஎஸ்பி டிஸ்க். இன்றைக்கே தொடங்கலாம்.

எதை வாங்கினாலும் மாதம் ஒருமுறை ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். பீரோவில் இருக்கும் டிஸ்க்கை எடுத்து வேறொரு லேப்டாப்பில் செருகி, பத்து படமாவது திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத காப்பியை நம்ப முடியாது.

போன மாதம் வேறு வேலையாக ரிச்சி தெருப் பக்கம் போனபோது அந்தக் கடையை எட்டிப் பார்த்தேன். ஒரு பெண், கையில் டிஸ்க்கோடு நின்றிருந்தார். கடைக்காரர் அதைக் காதருகே கொண்டுபோனார். அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் அதற்கு ஒரு பதில் இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.